மலைப்பாதையில் குமட்டலா? மூச்சுப் பயிற்சியும் யோகாவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில் ஆழியாறைத் தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டிக்கு 36. ஏற்காட்டுக்கு 20. கோடை விடுமுறை நெருங்கினால் யோகா வகுப்பில் முதுகுவலி, முழங்கால்வலிக் கேள்விகள் பின்னுக்குப் போய், "பஸ்ஸில் வாந்தி வராமல் இருக்க ஏதாவது சொல்லிக்கொடுங்கள்" என்பதுதான் முன்னால் வந்து நிற்கும். அப்படிக் கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்களைத் தொகுத்திருக்கிறேன். என் கட்சி இதுதான்: மூச்சுப் பயிற்சி நிச்சயம் உதவும். ஆனால் அது எளிய மூச்சாக இருக்க வேண்டும், குமட்டல் முற்றுவதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

பஸ்ஸில் ஏறினாலே வயிற்றைப் பிரட்டுகிறதே, ஏன்?

வயிறு பாவம், அதன்மேல் குற்றமில்லை. வேலை தொடங்குவது காதில். உள்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன; தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றுக்குத் தெரியும். அவற்றின் பக்கத்தில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் படிந்த இரண்டு பைகள். வண்டி வேகமெடுப்பது, பிரேக் பிடிப்பது, சாய்வது எல்லாம் இந்தப் பைகளுக்குத் தெரியும். வளைவில் பஸ் திரும்பும்போது காது "திரும்புகிறோம், சாய்கிறோம்" என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ முன் சீட்டின் முதுகையோ செல்போனையோ பார்த்துக்கொண்டு "எதுவும் அசையவில்லையே" என்கிறது. இந்த இரண்டு தகவலும் ஒத்துப்போகாததுதான் குமட்டலாக மாறுகிறது. ஜேம்ஸ் ரீசன், பிராண்ட் என்ற இருவர் 1975இல் விரிவாக எழுதிய விளக்கம் இது. இன்றுவரை பெரும்பாலோர் ஏற்பது இதையே. உள்காதின் சமநிலை உறுப்பு இரண்டு பக்கமும் முழுதாகச் செயலிழந்தவர்களுக்குப் பயணக் குமட்டல் வருவதே இல்லை. காதுக்கு இதில் எவ்வளவு பங்கு என்பது அதிலிருந்தே தெரிகிறது.

ஆட்டத்தின் வேகத்துக்கும் பங்கு உண்டு. ஏறக்குறைய 5 நொடிக்கு ஒருமுறை போய்வரும் மெதுவான ஆட்டம்தான் ஆளைச் சாய்க்கும். கல்லும் குழியுமான ரோட்டில் தூக்கித் தூக்கிப் போடும் மாட்டுவண்டியில் வராத குமட்டல், ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும் சொகுசு காரில் வருவது இதனால்தான்.

டிரைவருக்கு மட்டும் ஏன் வருவதில்லை?

அடுத்த நொடி வண்டி எந்தப் பக்கம் போகும் என்று அவருக்கு முன்பே தெரியும். அவர் கண் எப்போதும் சாலையில் இருக்கிறது. இன்னொன்றையும் கவனித்துப் பாருங்கள்: இடப்பக்க வளைவு வந்தால் டிரைவரின் தலை தானாகவே இடப்பக்கம் சாயும். பயணிகளின் தலை எதிர்ப்பக்கம், ஜன்னல் மேலோ பக்கத்து ஆள் மேலோ போய் விழும். வளைவின் உட்பக்கமாக, டிரைவர் சாய்க்கிற அதே பக்கம் தலையைச் சாய்த்த பயணிகளுக்குக் குமட்டல் குறைந்ததை ஜப்பானில் காரில் வைத்தே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். காசு செலவில்லாத உத்தி. நிறைய சாய்க்க வேண்டியதில்லை, டிரைவர் அளவுக்குச் சாய்த்தால் போதும். பின்சீட்டில் உறங்கி வழிந்து தலை இஷ்டத்துக்கு ஆடும்போதுதான் நிலைமை கெடுகிறது.

காதில் தொடங்குகிற பிரச்சினைக்கு மூச்சு என்ன செய்யும்?

நியாயமான கேள்வி. மூச்சு காதை ஒன்றும் செய்யாது. காதும் கண்ணும் போடும் சண்டை வயிற்றுக்கு இறங்கும் பாதையில்தான் அது குறுக்கே நிற்கிறது.

இரைப்பை நிமிடத்துக்கு ஏறக்குறைய 3 அலைகள் என்ற நிதானத்தில் அசைந்துகொண்டிருக்கும். குமட்டல் வரும்போது இந்தத் தாளம் தப்பி வேகமாகிறது. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட பெரிய உருளைக்குள் ஆட்களை உட்கார வைத்து, உருளையைச் சுற்றவிட்டார்கள். உடம்பு அசையவில்லை, கண்ணுக்கு மட்டும் உலகமே சுற்றுகிறது. நன்றாகக் குமட்டவைக்கும் ஏற்பாடு. மெதுவாக ஆழ்ந்து மூச்சுவிட்டவர்களுக்கு இரைப்பையின் தாளம் அவ்வளவாகத் தப்பவில்லை, குமட்டலும் குறைந்தது.

2003இல் பிரிட்டனில் இன்னொன்று. ஆட்டும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் மூச்சில் கவனம் வைத்து நிதானமாக விடச் சொன்னார்கள். அவர்களால் ஆட்டத்தைக் கூடுதல் நேரம் தாங்க முடிந்தது. பயண மாத்திரை தரும் பலனில் ஏறக்குறைய பாதியை மூச்சு மட்டுமே தருகிறது என்பது இந்தத் துறை ஆய்வாளர்களின் கணிப்பு. பாதிதான். ஆனால் தூக்கம் வராது, வாய் உலராது, மாத்திரை கரையும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

வாந்தி எடுப்பது என்பதே உதரவிதானமும் (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள தசை) வயிற்றுத் தசைகளும் சேர்ந்து செய்கிற வேலை. அதே தசைகளை நிதானமான மூச்சுக்கு அமர்த்திவிட்டால் வாந்தி அனிச்சை அடங்குகிறது என்பது ஒரு விளக்கம். இத்துடன் மூளையிலிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக உடம்பின் பதற்றம் தணிவதும் சேர்கிறது.

சரி, எப்படி மூச்சு விடுவது?

முதலில் இடுப்பைத் தளர்த்துங்கள். பெல்ட்டானால் ஒரு துளை, நாடாவானால் கொஞ்சம் இளக்கம், புடவையானால் கொசுவம் இறுக்காத அளவு. வயிறு அசைய இடமில்லாவிட்டால் இந்தப் பயிற்சியே இல்லை.

முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து, தலையைத் தலையணைப் பகுதியில் பதியவையுங்கள். பாதங்கள் இரண்டும் தரையில். வலது உள்ளங்கையைத் தொப்புளுக்குக் கீழே, இடது கையை நெஞ்சின்மேல் வையுங்கள். மூக்கு வழியாக மெதுவாக இழுங்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கீழே இருக்கும் கை வெளியே தள்ளப்பட வேண்டும், மேலே இருக்கும் கை சும்மா இருக்க வேண்டும். மேல் கை எழுந்தால் நெஞ்சால் இழுக்கிறீர்கள் என்று பொருள். பிறகு நிறுத்தாமல் மூக்கு வழியாகவே விடுங்கள். ஒன்றிலிருந்து ஆறு வரை. கீழ்க்கை தானாக உள்ளே போகும். வயிற்றை எக்கி அழுத்த வேண்டாம். இந்தக் கணக்கில் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும்.

நான்குக்கு ஆறு மூச்சுமுட்டுகிறது என்றால் மூன்றுக்கு நான்கு. எண்ணிக்கை முக்கியமில்லை, வெளிமூச்சு உள்மூச்சைவிட நீளமாக இருந்தால் போதும். "ஆழமாக இழு" என்றதும் சிலர் பலூன் ஊதுகிறவர்களாகி விடுவார்கள். அப்படி வேகமாகவும் ஆழமாகவும் இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, விரல் நுனி மரத்து, தலை இன்னும் கிறுகிறுக்கும். மெதுவாக என்பதுதான் முதல் சொல், ஆழமாக என்பது இரண்டாவது.

இன்னொரு சிறு விஷயம்: வளைவுக்கு வளைவு மூச்சை இணைக்காதீர்கள். பஸ் சாயும்போது இழுத்து, நிமிரும்போது விடுவது என்று தாளம் பிடித்துக்கொண்டால் ஆட்டத்தை உள்ளேயும் ஏற்றிக்கொண்டதாகிவிடும். பஸ் அதன் போக்கில் போகட்டும், நீங்கள் உங்கள் எண்ணிக்கையில் இருங்கள்.

எப்போது தொடங்க வேண்டும்?

பெரும்பாலோர் கோட்டைவிடுவது இங்கேதான். வாயில் எச்சில் ஊறி, நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்தபிறகு "மூச்சுப் பயிற்சி என்ன சொன்னார்கள்?" என்று யோசித்தால் பலன் கொஞ்சம்தான். வால்பாறை என்றால் ஆழியாறு செக்போஸ்ட்டில் பஸ் நிற்கும்போதே தொடங்கிவிடுங்கள். முதல் சில வளைவுகளை எண்ணிக்கையோடு கடந்தால் உடம்பு அந்த நிதானத்துக்கு வந்துவிடும். 9ஆவது வளைவில் இருக்கும் லோம்ஸ் வியூ பாயிண்டில் கார்க்காரர்கள் எப்படியும் இறங்கி அணையைப் பார்ப்பார்கள். படம் எடுக்கும் அவசரத்தில் அந்த ஐந்து நிமிட ஓய்வை வீணாக்காமல், நின்று தொலைவில் பார்த்தபடி மூச்சுவிட்டுவிட்டு ஏறுங்கள்.

அடுத்தடுத்துக் கொட்டாவி வருவது, பேச்சில் விருப்பமில்லாமல் மந்தமாவது, காரணமில்லாத பெருமூச்சு, இவையெல்லாம் குமட்டலின் முன்னறிவிப்பு. கொட்டாவியைத் தூக்கம் என்று நினைத்துக் கண்ணயர்ந்துவிடாதீர்கள். அப்போதே பயிற்சியில் இறங்க வேண்டும்.

நாடி சுத்தி, கபாலபாதி, சீதளி எல்லாம் தெரியும். அவற்றைச் செய்யலாமா?

கபாலபாதியும் பஸ்திரிகாவும் பஸ்ஸில் வேண்டவே வேண்டாம். வயிற்றைச் சுண்டிச் சுண்டி வேகமாக மூச்சைத் தள்ளுகிற பயிற்சிகள் அவை. குமட்டுகிற வயிற்றை அப்படிச் சுண்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

நாடி சுத்தி, அதாவது மூக்குத் துளைகளை மாற்றி மாற்றி அடைத்து மூச்சுவிடுவது, நல்ல பயிற்சி, ஆனால் வீட்டில். பஸ்ஸில் ஒரு கையை மூக்கில் வைத்துக்கொண்டு வளைவில் கம்பியை விட்டுவிட்டு உட்காருவது ஆபத்து. சீதளி, அதாவது நாக்கைக் குழலாக மடித்துக் காற்றை உள்ளிழுப்பது, முகத்துக்கும் தொண்டைக்கும் குளிர்ச்சி தரும். காற்று சுத்தமான மலைமேல் வண்டி நிற்கும்போது செய்யலாம். முன்னால் போகும் லாரியின் புகையை வாயால் இழுப்பதற்கு அது வழியாகிவிடக் கூடாது.

பிரமரி என்னும் வண்டு ரீங்காரம் எனக்குப் பிடித்தது. உதடு மூடி "ம்ம்ம்" என்று மெல்ல முனகியபடி விடும்போது வெளிமூச்சு தானாகவே நீள்கிறது, எண்ண வேண்டியதில்லை. பஸ்ஸின் இரைச்சலில் பக்கத்து சீட்டுக்குக்கூடக் கேட்காது. காதை விரலால் அடைக்கும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

மூச்சை உள்ளே நிறுத்தலாமா?

வேண்டாம். பூரகம் (இழுப்பது) 16, கும்பகம் (நிறுத்துவது) 64, ரேசகம் (விடுவது) 32 என்று பழைய கணக்கு உண்டுதான். அது குருவின் பக்கத்தில், அசையாத தரையில், பல ஆண்டுப் பழக்கத்தில் வருவது. ரத்த அழுத்தம், இதயக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் எங்கேயுமே தாமாகக் கும்பகம் செய்து பார்க்கக் கூடாது.

முன்கூட்டியே ஆசனம் செய்து தயாராக முடியுமா?

ஓரளவு. பயணத்துக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே சமநிலை ஆசனங்களைப் பழகுங்கள். விருட்சாசனத்தில் ஒற்றைக்காலில் நின்று, கண்ணுக்கு நேரே சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். ஆடாமல் நிற்க வந்ததும், பார்வையைப் புள்ளியிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் மெதுவாக இடமும் வலமும் திருப்புங்கள். கால் தள்ளாடும், சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காதும் கண்ணும் கணுக்காலும் சேர்ந்து வேலை செய்யப் பழகுவது இந்தத் தள்ளாட்டத்தில்தான். தலைசுற்றல் நோயாளிகளுக்கு பிசியோதெரபியில் கொடுக்கும் பயிற்சியும் இதற்கு நெருக்கமானதே.

இதோடு கழுத்தையும் தோளையும் இளக்கும் எளிய அசைவுகள், கடைசியில் மல்லாந்து படுக்கும் சவாசனத்தில் பத்து நிமிடம் வயிற்று மூச்சு. மூச்சை வீட்டில் பழகாமல் பஸ்ஸில் முதன்முறை முயன்றால் வராது. ஆசனங்களைவிட அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் நான் மதிப்பெண் அதிகம் போடுவேன்.

பயண நாளன்று காலையில் சர்வாங்காசனம், ஹலாசனம், முன்வளைவுகள் எதுவும் வேண்டாம். சாப்பிட்டபின் ஐந்து நிமிடம் முழங்காலை மடித்துக் குதிகால்மேல் உட்காரும் வஜ்ராசனத்தில் இருந்துவிட்டுக் கிளம்புங்கள், போதும்.

தொடர்ந்து யோகா செய்தால் இந்தத் தொல்லை நிரந்தரமாகப் போய்விடுமா?

அப்படி யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். நிரந்தரமாகக் குறைப்பது பழக்கம்தான். தினமும் மலைப்பாதையில் போய்வரும் ஆசிரியர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் எந்தப் பயிற்சியும் இல்லாமலே உடம்பு பழகிவிடுகிறது. மாதக்கணக்கில் விட்டுவிட்டால் பழக்கமும் மங்கும். மூச்சு அந்தப் பழகும் காலத்தைத் தாங்க உதவுகிறது.

விண்வெளிக்குப் போகிறவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் முதல் சில நாட்களில் இதே குமட்டலால் அவதிப்படுகிறார்கள். தேர்ந்தெடுத்த போர் விமானிகளுக்கே இந்தக் கதி என்றால் நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1984 ஏப்ரலில் சோயுஸ் டி-11இல் போன ராகேஷ் சர்மா, சல்யூட்-7 நிலையத்தில் மிதக்காமல் இருக்கப் பட்டைகளால் உடம்பைப் பிணைத்துக்கொண்டு யோகாசனம் செய்தார். எடையில்லாத நிலையை உடம்பு சமாளிக்க யோகா உதவுமா என்று பார்ப்பது அந்தப் பயணத்தின் சோதனைகளில் ஒன்று.

குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

இரண்டு வயதுக்குள் இது அபூர்வம். பள்ளிக்கூட வயதில் உச்சத்துக்கு வந்து, பதின்ம வயதுக்குப் பிறகு மெல்லக் குறையும். அவர்களிடம் நான்கு, ஆறு என்று கணக்குச் சொன்னால் எடுபடாது. சூடான பாலை ஆற்றுவது போல மெல்ல, நீளமாக ஊதச் சொல்லுங்கள். உள்மூச்சு தன்னால் வரும். சின்னக் குழந்தைகள் ஜன்னல் விளிம்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பதால் வெளியே எதுவும் தெரியாது. காரில் அவர்களுக்குரிய இருக்கையைப் போட்டு உயர்த்தினாலே பாதி சரியாகும். வளைவு முடியும்வரை செல்போன் கொடுக்காதீர்கள். "வாந்தி வருதா, வருதா" என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டே வருவதும் வாந்தியை வரவழைக்கும்.

எந்த சீட்? கண்ணை மூடலாமா?

பஸ்ஸில் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, முடிந்தவரை முன்பக்கம், முன்னோக்கிய சீட். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கும் கடைசி வரிசைதான் வளைவில் அதிகம் வீசப்படும். ஜன்னல் வழியே அருகில் ஓடும் மரங்களைப் பார்க்காமல் சாலையையோ தொலைவில் அசையாமல் நிற்கும் மலையையோ பாருங்கள். அப்படிப் பார்க்க வழியில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்வதே மேல். டாக்சியில் வாசனை திரவியம் தொங்கினால் டிரைவரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள். யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள்.

எலுமிச்சை, இஞ்சி மரப்பா, மணிக்கட்டை அழுத்துவது?

இஞ்சிக்கு ஓரளவு ஆதரவான ஆய்வுகள் உண்டு, மரப்பாவைச் சப்பிக்கொண்டே மூச்சு பழகலாம். எலுமிச்சை வாசனை டீசல் நாற்றத்தை மறைக்கும், அது போதாதா? மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே உட்பக்கத்தில், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே அழுத்துவது பற்றி முடிவுகள் முன்னுக்குப் பின் முரணாகவே வருகின்றன. செய்வதால் கெடுதல் இல்லை. வெறும் வயிற்றோடு கிளம்புவதுதான் கெடுதல். ஒரு மணி நேரம் முன்னதாக இரண்டு இட்லி. வடை, பூரி இறங்கி வந்தபின்.

மூச்சு இருக்கிறதே, மாத்திரை வேண்டாம்தானே?

எனக்கு அப்படி ஒரு வைராக்கியம் இல்லை. கடுமையாக வாந்தி எடுப்பவர்கள் மாத்திரையும் போட்டு மூச்சும் பழகலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை. புரோமெத்தசின், மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் வகைகளைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு போட வேண்டும். குமட்டல் வந்தபின் போட்டால் மாத்திரையும் வெளியேதான் வரும். தூக்கம் வரும் என்பதால் வண்டி ஓட்டுகிறவர் போடக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் புரோமெத்தசின் கொடுக்கவே கூடாது. சாதாரண வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டன்செட்ரான் பயண வாந்தியைத் தடுப்பதில் அவ்வளவாக உதவுவதில்லை, ஆகவே வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை எடுத்துப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். கர்ப்பிணிகள் கட்டாயம் கேட்க வேண்டும்.

வண்டியில் இல்லாதபோதும் உலகம் சுற்றுகிறது, காது கேட்பது குறைகிறது, காதில் இரைச்சல், கடும் தலைவலி என்றால் அது பயணக் குமட்டல் இல்லை. யோகா வகுப்புக்கு வராமல் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குப் பயணக் குமட்டலும் கூடுதலாகவே வரும்; அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

படகிலும் கப்பலிலும் இதே மூச்சு போதுமா?

மூச்சு அதேதான், இடம்தான் மாறும். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகும் கப்பலானாலும் நெடுந்தீவுப் படகானாலும், ஆட்டம் குறைவான நடுப்பகுதியில் இருங்கள், கடலும் வானும் சேரும் கோட்டைப் பாருங்கள். பஸ்ஸில் இல்லாத வசதி ஒன்று கப்பலில் உண்டு: மல்லாந்து படுக்கலாம். படுத்துக் கண்மூடி வயிற்றின்மேல் கை வைத்து மூச்சு விட்டால் பலருக்கு அடங்கிவிடும்.

எல்லாம் செய்தும் வாந்தி வந்துவிட்டது. பிறகு?

அடக்க முயலாதீர்கள், எடுத்துவிடுங்கள். கையில் கவர் இருக்கட்டும். ஓடும் பஸ்ஸில் வளைவில் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டுவது வாந்தியைவிடப் பெரிய ஆபத்து. வாயைக் கொப்பளித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, காற்று வரும் பக்கம் திரும்பி உட்காருங்கள். பெரும்பாலும் உடனே கொஞ்சம் ஆசுவாசமாக இருக்கும். மூச்சை மறுபடி தொடங்க வேண்டிய நேரம் அதுதான். இம்முறை எண்ணிக்கையைச் சுருக்கி, மூன்றுக்கு நான்கு. தண்ணீரை ஒரே மடக்கில் குடிக்காமல் வாய் வாயாக, கூடவே உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் இருந்தால் நல்லது. அடுத்த அரைமணி நேரம் டீ, பிஸ்கட் எதுவும் வேண்டாம். இறங்கும்போதும் அதே வளைவுகள் காத்திருக்கின்றன, அதனால் மேலே போனதும் ஹோட்டலில் பிரியாணியைக் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறாமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.